மலர்ப் படங்கள்: மேலத்தெரு நிச்சயதார்த்தம் 1979 இல்லை, ஆண்டெனா சாட்சி

சங்க உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

மலருக்கென்று வந்த பழைய படங்களில் 17 படத்தில் டிவி பெட்டியோ ஆண்டெனாவோ தெரிகிறது. "ரிப்பேர் பார்த்தவன் நீதானே, எந்த வருஷம்னு சொல்லு" என்று பொருளாளர் அண்ணன் என் தலையில் கட்டிவிட்டார். மூணு வெள்ளிக்கிழமை லீவு இதிலேயே போனது. மஸ்கட்டில் வெயிலுக்குப் பயந்து உள்ளே கிடக்கிறவனுக்கு இதுவும் ஒரு பொழுதுதான்.

முதலில் சண்டைக்குரிய படம். மேலத்தெரு அத்தான் அனுப்பிய நிச்சயதார்த்தப் படம், 1979இல் எடுத்தது என்கிறார். மொட்டைமாடியில் பெண் வீட்டார் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் ஈஸ்வரன் கோயில் கோபுரம். படத்தின் முதுகில் பால்பாயிண்ட் பேனாவில் 1979 என்று எழுதியிருக்கிறது. இடது ஓரத்தில் இரும்புக் குழாயில் ஆண்டெனா. அதைப் பெரிசு பண்ணிப் பாருங்கள். ஆண்டெனாவில் கம்பிகள் ஒரு பக்கம் போகப் போகக் குட்டையாகும். அந்தக் குட்டைப் பக்கம் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் நிலையம். மேலத்தெருவிலிருந்து கோபுரத்தைப் பார்த்து எடுத்த படம் என்றால் கேமரா கிழக்கே பார்க்கிறது. அப்படியானால் படத்தின் வலது கைப்பக்கம் தெற்கு. குட்டைக் கம்பிகள் வலப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இலேயே வந்துவிட்டது என்று அத்தான் சொல்வது சரி. ஆனால் சென்னை நமக்கு வடக்கே, காக்கை பறக்கும் தூரமே 250 கிலோமீட்டருக்கு மேல். நம் ஊரில் தெற்கே மூக்கை நீட்டிய ஆண்டெனா எல்லாம் சிலோன் டிவிக்கு. ரூபவாகினி தொடங்கியது 1982 பிப்ரவரி 15. கொழும்பில் 1979இலேயே ஐடிஎன் என்றொரு சின்ன நிலையம் வந்தது, ஆனால் அதன் வீச்சு கொழும்பு வட்டாரத்தோடு சரி. ஆக, படம் ரூபவாகினிக்கு முந்தி இருக்க வாய்ப்பில்லை. நிச்சயமான அத்தையின் மூத்த பெண் பிறந்தது 1984 என்று அத்தானே போன மடலில் எழுதியிருக்கிறார். கணக்கு 82, 83க்குள் வந்து நிற்கிறது. முதுகில் எழுதியவர் ரொம்ப நாள் கழித்து ஞாபகத்தில் எழுதியிருப்பார், கோபிக்க வேண்டாம்.

கோடையில் கடல்மேல் காற்று அசையாமல் படிந்திருக்கும் ராத்திரிகளில் சிலோன் படம் கண்ணாடி மாதிரி விழும். ஐப்பசி மழை தொடங்கினால் ஒரே புள்ளி. "கொஞ்சம் திருப்பு… போதும்… ஐயோ போச்சு" என்று கூடத்திலிருந்து கத்த, மாடியில் ஒருவன் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றது இந்தக் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். பிற்பாடு கொடைக்கானலில் தூர்தர்ஷன் ஒளிபரப்புக் கோபுரம் வந்ததும் ஊரே மேற்கே திரும்பியது. தெற்கே பார்த்த ஆண்டெனா மட்டும் தனியாக நின்றால் அது அதற்கு முந்திய படம் என்று நான் எடுத்துக்கொள்வேன். ரெண்டும் வைத்திருந்த வீடுகளும் உண்டு, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

இனி பெட்டிகள். கட்டை அலமாரி மாதிரி, முன்னால் இழுத்து மூடும் மரக் கதவோடு இருப்பவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. சாலிடேர், டயனோரா ரெண்டும் சென்னைச் சரக்கு, ஈசி ஹைதராபாத்தின் அரசு நிறுவனத்தினுடையது, கெல்ட்ரான் கேரளாவினுடையது. கதவை மூடிவிட்டால் எல்லாம் ஒரே முகம்தான், கம்பெனிப் பெயரை உறுதியாகச் சொல்ல நான் துணியமாட்டேன். திறந்திருந்தால் திருகைப் பாருங்கள். 2 முதல் 12 வரை எண் போட்ட பெரிய திருகு, டக்டக்கென்று பல்லில் விழுந்து நிற்குமே, அது பழசு. வரிசையாகப் பொத்தான்களும் பக்கத்தில் சின்ன மூடிக்குள் விரலால் உருட்டும் குட்டிச் சக்கரங்களும் இருந்தால் அது பிந்தியது. திரையின் நாலு மூலையும் முட்டை மாதிரி வளைந்திருந்தால் பழசு, மூலை கூர்மையாகக் கூர்மையாக 90களுக்கு நகர்கிறோம். நம் நாட்டில் கலர் ஒளிபரப்பு 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டு நடந்த வருஷம். ஆனால் அணைத்துக் கிடக்கும் பெட்டியைப் படத்தில் பார்த்துக் கலரா இல்லையா என்று பந்தயம் கட்டாதீர்கள்.

சிங்கப்பூர் மாமா அனுப்பிய படம்தான் எனக்குப் பிடித்தது. நாலு கால் விரித்து நிற்கும் பெட்டி, பக்கத்தில் வேட்டியோடு தாத்தா, பெட்டியைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிக் கையை வைத்திருக்கிறார். முன்பக்கம் இருக்கும் கம்பெனிப் பெயர் செட்ரான் என்று படிக்க முடிகிறது, சிங்கப்பூரிலேயே பாகங்களைப் பூட்டிச் செய்த பெட்டி. அங்கே டிவி வந்தது 1963 பிப்ரவரி 15. ரூபவாகினிக்கும் அதே பிப்ரவரி 15தான், 19 வருஷம் கழித்து!

அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு 'சிதம்பரம்' என்ற பயணிகள் கப்பலில் வந்து இறங்கிய பெட்டிகளும் உண்டு. சிங்கப்பூரிலும் நம்மிடமும் PAL என்கிற ஒரே ஒளிபரப்பு முறை என்பதால் ஆண்டெனாவைச் செருகினால் படம் வந்துவிடும். அமெரிக்காவிலிருந்து ஆசையாகத் தூக்கி வந்த ஒரு பெட்டி எங்கள் கடைக்கு வந்தது. அங்கே வேறு முறை, மின்சாரமும் 110 வோல்ட். கடைசியில் அதன் மேல் மீன்தொட்டி வைத்தார்கள். "கப்பலில் வந்த பெட்டி" என்று உங்கள் வீட்டில் சொல்வார்களானால் 1985 பிப்ரவரிக்கு முன் என்று குறித்துக்கொள்ளலாம், அந்த மாதம் தீப்பிடித்ததோடு கப்பலின் பயணிகள் ஓட்டம் முடிந்தது.

இதிலெல்லாம் ஒரு பள்ளம் உண்டு, நானே விழுந்தேன். எங்கள் வீட்டுப் படம் ஒன்றைத் திருகையும் ஸ்டெபிலைசரையும் வைத்து 1983 என்று அடித்துச் சொன்னேன். தங்கை சிரித்துவிட்டு, "அண்ணே, அம்மா மடியில் இருக்கிறது என் மகன்" என்றாள். அவன் பிறந்தது 1991. பெட்டி எட்டு வருஷம் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டி சொல்வது "இதற்கு முந்தி இல்லை" என்கிற ஒரு எல்லையைத்தான். மறு எல்லைக்குச் சுவரில் காலண்டர், பிள்ளைகளின் உயரம், வீட்டுக்கு மொசைக் போட்ட வருஷம் எல்லாம் வேண்டும். அந்நாளில் டிவி வைத்திருக்க லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது; பழைய டிரங்குப் பெட்டியில் அந்த லைசென்ஸ் புத்தகம் கிடந்தால் உடனே எழுதுங்கள். தபாலாபீஸ் முத்திரையும் தேதியும் இருக்கும், என் ஊகம் எதுவும் தேவைப்படாது.

இன்னொன்று, திருகுகள் திரைக்கு இடப்பக்கம் இருப்பதாகத் தெரிந்தால் பிலிமைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கலாம். சேலை முந்தானை எந்தத் தோளில் என்று பாருங்கள். வடக்குத்தெரு கிரகப்பிரவேசப் படம் அப்படித்தான், ஊரே வலது தோளில் முந்தானை போட்டிருக்கிறது. மலரில் போடும்போது திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

ஸ்கேன் பண்ணுகிறவர்கள் 600 டிபிஐயில் எடுங்கள், படத்தின் முதுகையும் சேர்த்து. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து கரைந்துபோகிறது, மடலில் இணைத்து அனுப்புங்கள்.

11ஆம் எண் படம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பெட்டி முழுக்க நீலத் துணி உறை, அதில் மஞ்சள் நூலில் மயில், கழுத்து ஒரு பக்கம் கோணல். அடியில் ரெண்டு கால் மட்டும் தெரிகிறது. அந்த மயிலைப் பின்னினது யார், எந்த வீட்டு டிவிமேல் கிடந்தது?

அன்புடன்,
ரேடியோ கடைத் தம்பி, மஸ்கட்