வெறும் வயிற்றில் சர்க்கரை 141, மூன்று மாதச் சராசரி 5.2: எதை நம்புவது?

கேள்வி (மோல்மேன்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 54. இரண்டு மாதங்களாக இரவில் நான்கு முறையாவது சிறுநீர் கழிக்க எழுகிறார். தலைமாட்டில் வைக்கும் செம்புத் தண்ணீர் விடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை டெசிலிட்டருக்கு 141 மில்லிகிராம் இருந்தது. ஆனால் மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி 5.2 சதவீதம்தான். அதைப் பார்த்த மருத்துவர் சர்க்கரை நோய் இல்லை என்று கூறி, ஹீமோகுளோபின் 9.6 ஆக இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். முதல் சோதனையில் ஆய்வகம் தவறு செய்திருக்குமா?

மறுமொழி (யாங்கோன், ஆய்வகப் பணியாளர்)

தம்பி, ஆய்வகத்தின் தாமதத்தால் சர்க்கரை கூடுதலாகக் காட்டாது. எடுத்த இரத்தத்தை அப்படியே வைத்திருந்தால் அதிலுள்ள செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருப்பதால் அளவு குறையும். அதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு கலந்த சாம்பல் மூடிக் குழாயில் எடுக்கிறோம். ஆகவே நான் 141ஐ நம்புவேன், 5.2ஐத்தான் சந்தேகிப்பேன்.

ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் புரதத்தில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதன் கணக்கு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்தக் கணக்கே நிற்கிறது. அதற்குள் செல் அழிந்துபோனால், சர்க்கரை ஒட்டுவதற்கு நாள் போதாமல், எண் பொய்யாகக் குறைந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவோ பெரும்பாலும் அந்த எண்ணை உயர்த்தும். எனவே அவருடைய சோகைக்கு இரும்புக் குறைவுதான் காரணம் என்பது இங்கே பொருந்தவில்லை. சிவப்பணுவின் அளவைக் குறிக்கும் எம்சிவி எவ்வளவு? குடும்பத்தில் பர்மியரோ மோன் இனத்தவரோ உண்டா?

கேள்வி கேட்டவர்

எம்சிவி 63 என்று சீட்டில் உள்ளது ஐயா. அப்பாவின் தாயார் மோன் இனத்தவர்.

மறுமொழி (யாங்கோன், ஆய்வகப் பணியாளர்)

63 என்றால் செல்கள் மிகச் சிறியவை. அப்படியானால் ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸ், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகிய இரண்டு சோதனைகளையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் ஈ என்னும் பரம்பரை மாறுபாடு தென்கிழக்காசியாவில் மிகவும் பரவலானது. ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பரம்பரைக் குறைபாடான பீட்டா தலசீமியா நம் தமிழரிடமும் உண்டு. இரண்டுமே சிவப்பணுவைச் சிறிதாக்கும்; சேர்ந்திருந்தால் அது சீக்கிரம் அழியவும் செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2011இல் 6.5 சதவீதத்தை நோயறியும் வரம்பாக ஏற்றபோதே, அளவீட்டைக் கெடுக்கும் நிலைகள் இல்லாதிருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையை இன்னொரு நாள் மீண்டும் பாருங்கள். மறுபடியும் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சர்க்கரை நோய்தான். ஹெச்பிஏ1சி என்ன சொன்னாலும் சரி.

கேள்வி கேட்டவர்

அடிபோனெக்டின் போன்ற வேறு இரத்தப் புரதங்களைக் கொண்டே நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்று உறவினர் சொல்கிறார். அதைச் செய்து பார்க்கலாமா?

மறுமொழி (மாண்டலே, ஓய்வுபெற்ற செவிலியர்)

அதற்குப் பணம் செலவிட வேண்டாம், தம்பி. அடிபோனெக்டின் குறைவாக உள்ளவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு கூடுதலாக வருகிறது என்பது உண்மை. ஃபெட்டுயின்-ஏ என்னும் இன்னொரு இரத்தப் புரதம் மிகுந்தவர்களிடமும் அப்படியே. ஆனால் இவை பெருங்கூட்டத்தை ஆராய்வதற்கு உதவுபவை. ஒரு தனி மனிதருக்கு நோய் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வரம்பு இவற்றுக்கு வகுக்கப்படவில்லை.

உங்கள் தந்தைக்குப் பயன்படக்கூடியது ஃபுரக்டோசமைன் என்னும் இரத்தச் சோதனை. அது பெரும்பாலும் ஆல்புமின் என்னும் இரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையைக் காட்டுவதால், சிவப்பணு முன்னதாக அழிந்தாலும் பாதிக்கப்படாது. கடந்த இரண்டு மூன்று வாரங்களின் நிலையை மட்டுமே சொல்லும். சிறுநீரில் புரதம் போனாலும் ஈரல் கெட்டிருந்தாலும் அதுவும் தவறாகிவிடும். ஆகவே ஆல்புமினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நோயைக் கண்டறிய அல்ல, மருந்து தொடங்கியபின் கண்காணிக்கவே அது வேண்டும்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்)

வெறும் வயிற்றுச் சர்க்கரை இரண்டாம் முறை 148. ஹீமோகுளோபின் ஈயுடன் பீட்டா தலசீமியாவும் இருப்பதாக அறிக்கை வந்தது. ஃபெரிட்டின் இயல்பைவிடச் சற்று அதிகம். புதிய மருத்துவர் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மருந்தைத் தொடங்கியுள்ளார். எனக்கும் தங்கைக்கும் சோதனை வேண்டுமா?

மறுமொழி (யாங்கோன், ஆய்வகப் பணியாளர்)

வேண்டும். அந்த இரண்டில் ஒன்று உங்கள் ஒவ்வொருவருக்கும் வந்திருக்கும். தங்கைக்குத் திருமணம் பேசும்போது மாப்பிள்ளையின் இரத்தத்தையும் பார்த்துவிடுங்கள்; இருவரிடமும் இத்தகைய குறை இருந்தால் குழந்தைக்கு இரண்டும் சேர்ந்து வரக்கூடும். உங்கள் சர்க்கரையைச் சோதிக்கும்போதெல்லாம் இந்த அறிக்கையின் நகலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.