ஷாங்ரி-லாவின் பழைய பெயர்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சீனாவின் யுன்னான் மாகாணத்தில், 3,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஷாங்ரி-லா பற்றி மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயரில்தான் சிக்கல். திபெத்தியர்களுக்கு அது கியால்தங். சீன ஆவணங்களில் ஜோங்தியான் மாவட்டம். 2001-இல் அரசு அந்தப் பெயரை எடுத்துவிட்டு, 1933-இல் வெளியான ஓர் ஆங்கில நாவலில் வரும் கற்பனை ஊரின் பெயரைச் சூட்டியது. எல்லாம் வயிற்றுப்பாடுதான்: 1998-இல் யாங்சி வெள்ளத்துக்குப் பிறகு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை வந்தது, மர வருமானத்தை நம்பியிருந்த வட்டாரம் சுற்றுலாப் பக்கம் திரும்பியது. 2014-இல் நகர அந்தஸ்தும் கிடைத்தது. (நகரம் என்றாலும், பார்லிக் கதிர்களை உலர்த்தும் உயரமான மரச்சட்டங்கள் வயல்களில் நிற்கின்றன; மழைக்காலத்தில் மட்சுடாகே காளான் தேடிக் காட்டுக்குள் போகிறார்கள்.)

அங்கே போய்வந்தவர்களும் திபெத்திய மொழி அறிந்தவர்களும் சொல்லுங்கள்: கிராமத்தார் பேச்சில் இன்றும் கியால்தங்தானா? உச்சரிப்புக்கு நெருக்கமாகத் தமிழில் எப்படி எழுதலாம்? பஸ் பலகைகளில் எந்தப் பெயர் இருக்கிறது? 2001-க்கு முந்தைய வரைபடம் வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியை மட்டும் படமெடுத்துப் போட்டால் பெரிய உதவி. சுற்றுலா விளம்பரங்கள் மட்டும் வேண்டாம். அவை என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன.