304-ஐ 650 டிகிரியில் வேகவைக்கும் மேதைகளுக்கு

தீப்பொறி:
நேற்று ஒருவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) பற்றி எழுதியது: "எஸ்.எஸ். எதுவானாலும் வெல்டிங் முடிஞ்சதும் 650 டிகிரியில ஒரு மணி நேரம் வைங்க, ஸ்ட்ரெஸ்ஸும் போகும், துருவும் பிடிக்காது." படித்ததிலிருந்து மண்டை காய்கிறது. கார்பன் ஸ்டீல் வைத்தியத்தை 304 என்ற எஸ்.எஸ். ரகத்துக்குப் பார்த்திருக்கிறார். 425 முதல் 815 வரை அதற்கு ஆகவே ஆகாத வெப்பம். அங்கே நின்றால் கார்பன் குரோமியத்தை இழுத்துக்கொண்டு தானிய எல்லையில் (உலோகத்தின் நுண்துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்) கார்பைடாக உட்கார்ந்துவிடும். எல்லையை ஒட்டிய இடத்தில் துருவைத் தடுக்கும் குரோமியம் 12 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அப்புறம் அமிலம் பட்டால் எல்லை வழியாகவே அரித்துக்கொண்டு போகும். 650 என்பது கிணற்றின் நடுமத்தி!

கொதிகலன்:
எழுதினது நான்தான். பேர் சொல்லக்கூட மனசு வரல போல. 22 வருஷமா 650தான். ஒரு வெஸல் (கலன்) திரும்பி வந்ததில்லை. குளோரைடு ஓடுற இடத்துல வெல்டு ஸ்ட்ரெஸ்ஸை அப்படியே விட்டா விரிசல் விடுமே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?

தீப்பொறி:
வெஸல் திரும்பி வரவில்லையா, உங்களுக்குச் சேதி வரவில்லையா? விரிசல் பயம் என்றால் 1040-க்கு மேல் ஏற்றித் தண்ணீரில் சட்டென்று குளிர வையுங்கள். கார்பைடும் கரையும்.

கொதிகலன்:
ஆள் உயர டேங்கை 1050-க்கு ஏத்தி தண்ணில போட்டா கோணிக்கிட்டு நிக்கும். நிமிர்த்த நீங்க வருவீங்களா தம்பி?

மூன்றாம்கண்:
முதலில் கிரேடு என்ன? 304எல் என்றால் கார்பன் 0.03க்குள்தான், ஒரு மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது. 321-இல் டைட்டானியம் கார்பனைப் பிடித்துக்கொள்ளும்.

தீப்பொறி:
அவர் எழுதியது "எதுவானாலும்". எ-து-வா-னா-லும். எல் எங்கிருந்து வந்தது? அப்புறம், தம்பி கிம்பி எல்லாம் வேண்டாம்.

கொதிகலன்:
போன மாசம் ஃபெரைட் பத்தின விவாதத்துல வாங்கிக் கட்டிக்கிட்ட கடுப்பு இன்னும் தீரல.

தீப்பொறி:
ஃபெரைட்டில் நான் சொன்னதுதான் சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம். இப்போது 650. ஒரு துண்டு வெட்டி ஏஎஸ்டிஎம் ஏ262 என்ற சோதனைத் தரநிலையின் ஆக்ஸாலிக் அமிலச் சோதனை செய்யுங்கள். தானியத்தைச் சுற்றி முழுக்கப் பள்ளம் தெரிந்தால் கதை முடிந்தது.

கொதிகலன்:
முடியாது சார். ஆக்ஸாலிக்ல பாஸ் ஆனா ஏத்துக்கலாம், பள்ளம் தெரிஞ்சா அடுத்த சோதனைக்கு அனுப்பணும். அதை வச்சு மட்டும் தள்ளுபடி பண்ண முடியாது. இதுகூடத் தெரியாம வாத்தியார் வேலை.

பொடியன்87:
வெல்டு ஓரத்துல நீலமா வருதே, அதுக்கு பிக்ளிங் (அமிலத்துல கழுவுறது) போதுமா?

தீப்பொறி:
போதும், ஆனால் கார்பைடு போகாது. கொதிகலன், அனுப்புங்கள், அடுத்த சோதனைக்கே அனுப்புங்கள்! காப்பர் சல்ஃபேட்–கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து வளைத்தால் பிளக்கிறதா என்று பார்த்துவிடலாம். 650-இல் வைத்த 304 துண்டுதான் வேண்டும், எல் இல்லை. நைசாக மாற்றிவிடாதீர்கள்.

கொதிகலன்:
நான் ஏன் மாத்தணும்? சோதனைச் செலவு யாரு தர்றது?

மூன்றாம்கண்:
அந்த 22 வருட வெஸல் எல்லாம் என்ன கிரேடு என்று இன்னும் சொல்லவில்லையே?

கொதிகலன்:
எஸ்.எஸ்.

தீப்பொறி:
எஸ்.எஸ்.ஸாம்! மூன்றாம்கண், கேட்டுக்கொண்டீர்களா?

கொதிகலன்:
650 சார். எழுதி வச்சுக்கங்க.