பேச்சிழந்த அண்ணாவுக்காகக் காணியை விற்கலாமா? மூளை–கணினி இடைமுகம் பற்றி ஒரு கேள்வி

கொக்குவில் தங்கை:

வணக்கம். என் அண்ணாவுக்கு 46 வயது. சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு இரண்டு நாள்களுக்கு முன்னர் மூளைத்தண்டில் ஏற்பட்ட பாரிசவாதத்தால் அவருடைய கைகால்களும் குரலும் ஒன்றாகவே செயலிழந்துவிட்டன. அறிவு தெளிவாக இருக்கிறது. கேட்கிறார், விளங்கிக்கொள்கிறார், பிள்ளைகள் பள்ளிக்கூடக் கதை சொன்னால் கண் கலங்குகிறார். அவரால் அசைக்க முடிவது கண்களை மட்டுமே, அதுவும் மேலும் கீழுமாகத்தான். மேலே பார்த்தால் 'ஓம்', இமைகளை மூடினால் 'இல்லை' என்று பழகியிருக்கிறோம்.

இந்த முறையில் நாங்கள் நினைத்துக் கேட்பதற்கு மட்டுமே அவர் விடை சொல்ல முடியும். ஒரு நாள் இரவு அவர் ஓயாமல் கண்ணைச் சிமிட்டியபோது, தண்ணீரா, மின்விசிறியா, புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமா, வலியா என்று முக்கால் மணிநேரம் மாறிமாறிக் கேட்டோம். கடைசியில் அம்மா தலையணையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் காதோரத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது.

மூளையில் பொருத்தி அதன் சைகைகளைக் கணினிக்கு அனுப்பும் 'மூளை–கணினி இடைமுகம்' என்ற கருவியின் உதவியால் பேச முடியாதவர்கள் பேசுகிறார்கள் என்ற செய்தியைக் கனடாவிலுள்ள மாமா அனுப்பியிருக்கிறார். உரும்பிராயில் இருக்கும் தோட்டக்காணியை விற்றால் மீதிப் பணத்தைத் தாம் போடுவதாகவும் சொல்கிறார். இதற்கிடையில், தலையில் அணிந்தால் நினைப்பதை எழுத்தாக்கும் பட்டி என்று ஒன்றை இணையத்தில் விற்கிறார்கள். இவற்றில் எது உண்மையில் பயன்படும்? தமிழில் இயங்குமா?

நல்லூர்ப் பொறியியலாளன் (உயிர்மருத்துவப் பொறியியல்):

தங்கச்சி, உங்கள் மாமா அனுப்பிய செய்தி பொய்யானதாக இருக்காது. ஆனால் அது பணம் கொடுத்து வாங்கக்கூடிய பொருளைப் பற்றியதன்று. 2023ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வுக் குழுவினர், உங்கள் அண்ணாவைப் போலவே மூளைத்தண்டுப் பாரிசவாதத்தால் பதினெட்டு ஆண்டுகளாகப் பேச்சிழந்திருந்த ஒரு பெண்ணின் மூளை மேற்பரப்பில் 253 மின்வாய்கள் (மூளையின் மின்சைகைகளைப் பிடிக்கும் நுண்முனைகள்) கொண்ட மெல்லிய தகட்டை வைத்து, நிமிடத்துக்கு 78 சொற்கள் என்ற வேகத்தில் அவருடைய பேச்சு முயற்சியை எழுத்தாக்கினார்கள். நான்கு சொற்களில் ஏறத்தாழ ஒன்று பிழையாக வந்தது. அடுத்த ஆண்டு, அதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், இயக்க நரம்பணு நோயுள்ள (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் நோய்) ஒருவருக்கு 256 மின்வாய்களைப் பொருத்தியபோது 97 விழுக்காடு சரியாக வந்தது.

இக்கருவிகள் எண்ணத்தைப் படிப்பதில்லை. ஒருவர் பேச முயலும்போது உதடு, நாக்கு, தாடை, குரல்வளை ஆகியவற்றுக்கு மூளை கொடுக்கும் கட்டளைகள் தசைகளைச் சென்றடையாவிட்டாலும் மூளையின் இயக்கப் பகுதியில் எழத்தான் செய்கின்றன. அவற்றை மின்வாய்கள் பிடிக்கின்றன, கணினி அவற்றை ஒலியன்களாக, அதாவது பேச்சின் அடிப்படை ஒலிகளாகப் பிரிக்கிறது, பின்னர் ஒரு மொழி மாதிரி (எந்தச் சொல்லுக்குப் பின் எது வரக்கூடும் என்று கற்ற கணினி நிரல்) அந்த ஒலிகளுக்குப் பொருந்தும் சொற்களைத் தேர்ந்தெடுக்கிறது. நான் சொன்ன இரண்டு ஆய்விலும் அந்த ஒலியன்களும் மொழி மாதிரியும் ஆங்கிலத்துக்கு உரியவை. லகர, ளகர, ழகரங்களைப் பிரித்தறியவும், 'வரமாட்டேனென்று' போன்ற நீண்ட சொல்லைக் கையாளவும் தமிழுக்கென்றே தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும். அத்துடன், அந்தப் பெண்ணின் மண்டையோட்டில் பதித்த இணைப்பி வழியாகக் கம்பி கணினிக்குச் சென்றது. அருகிலேயே ஆய்வாளர்கள் இருந்தார்கள். இப்படியான கருவிகள் ஆய்வுத் திட்டங்களுக்குள்தான் பொருத்தப்படுகின்றன. காணி விற்ற பணத்தால் அங்கே இடம் கிடைக்காது.

மண்டைக்கு வெளியிலிருந்து ஈ.ஈ.ஜி. (தலைத்தோலில் வைத்த மின்வாய்களால் மூளையின் மின்னலைகளைப் பதியும் முறை) மூலம் எழுத்துகளைத் தெரிவு செய்யும் முறை 1988இலேயே வந்துவிட்டது. எழுத்துக் கட்டத்தில் வரிசைகள் மின்னிமின்னி மறைய, நாம் விரும்பிய எழுத்து மின்னியபின் ஏறக்குறைய 300 மில்லிசெக்கனில் மூளையில் ஓர் அலை எழுகிறது. அதைக் கண்டு கணினி எழுத்தை ஊகிக்கிறது. ஆனால் ஒரு நிமிடத்தில் சில எழுத்துகளுக்கு மேல் நகராது. கண்ணும் அசையாத நிலைக்குச் சென்ற ஒரு நோயாளி, மூளையில் பொருத்திய மின்வாய்களின் உதவியுடன் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஓர் எழுத்தாகத் தம் குடும்பத்துடன் உரையாடியதை 2022இல் வெளியிட்டார்கள். அவருக்கு அதுவே பெரிய வழி. உங்கள் அண்ணாவிடம் கண் இருக்கிறது, அந்தக் கண் இதைவிட வேகமானது.

சுன்னாகத்தான்:

அந்தத் தலைப்பட்டியை வாங்க வேண்டாம். என் தகப்பனாருக்காக 85,000 ரூபா கொடுத்து அப்படியொன்றை வாங்கினேன். திரையில் கோடு துள்ளியதைக் கண்டு வீடே மகிழ்ந்தது. பிறகு என் மகன் அதை அணிந்து பல்லைக் கடித்தபோது அதே கோடு இரு மடங்கு துள்ளியது. நெற்றித் தசையையும் இமையையும்தான் அது பிடித்துக்கொண்டிருந்தது. விற்றவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை.

பருத்தித்துறை இளைப்பாறிய ஆசிரியை:

பிள்ளை, நான் நாற்பது ஆண்டு தமிழ் படிப்பித்தவள். என் கணவர் இயக்க நரம்பணு நோயால் பேச்சிழந்து இரண்டரை ஆண்டுகள் இருந்தார். அந்நாள்களில் எங்களுக்குக் கைகொடுத்தது நெடுங்கணக்குத்தான்.

247 எழுத்துகளையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒரு சொல்லுக்கே பொழுது போய்விடும். ஆனால் உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நான்கு வகையாக எடுத்தால் மெய்கள் ஆறு ஆறாகப் பிரிந்து நிற்கின்றன. பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் இந்த நான்கு வரிசைகளையும் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். முதலில் வகையின் பெயரைச் சொல்லுங்கள். அவர் மேலே பார்க்கும் இடத்தில் நில்லுங்கள். பிறகு அந்த வரிசையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மெய் கிடைத்ததும் அ, புள்ளி, உ, இ, ஆ என்று அதிகம் வழங்குவதை முன்னுக்கு வைத்து உயிரைக் கேளுங்கள். எவ்வளவு அரிதான உயிர்மெய்யானாலும் 23 தடவைக்கு மேல் கேட்க வேண்டி வராது. ஜ, ஸ, ஷ, ஹ ஆகியவற்றுக்குக் கடைசியில் ஒரு சிறு வரிசை போதும். ஆய்தத்தை நான் சேர்க்கவில்லை, தொல்காப்பியர் பொறுத்துக்கொள்வார்.

என் கணவர் முதன்முதலில் கூட்டிய சொல் 'கடன்'. வல்லினத்தில் க, வல்லினத்தில் ட, மெல்லினத்தின் கடைசியில் ன், மொத்தம் 21 கேள்விகள். நான் தண்ணீர் என்றோ வலி என்றோதான் எதிர்பார்த்திருந்தேன். சங்கக் கடையில் கூடப் பணியாற்றிய ஒருவரிடம் இவர் 15,000 ரூபா கைமாற்றாக வாங்கியிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. ஓம், இல்லை என்று நூறு ஆண்டு கேட்டிருந்தாலும் அந்தக் கேள்வி என் வாயில் வந்திருக்காது.

சொல்லை முந்திக்கொண்டு நீங்களே முடிக்காதீர்கள். முடிக்கத்தான் வேண்டுமென்றால் 'இதுதானா' என்று கேட்டு, அவர் மேலே பார்த்த பின்னர் எழுதுங்கள். காலையில் முகம் கழுவித் துடைத்த பின்னர் அரைமணிநேரம் போதும், கண் களைத்துவிடும்.

நல்லூர்ப் பொறியியலாளன்:

ஆசிரியை அவர்கள் சொன்ன பலகையை இன்றே தொடங்குங்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம்கூட மின்சாரம் இல்லாதிருந்த நாட்டில், மின்சாரம் கேட்காத ஒன்று எப்போதும் கைவசம் இருப்பது நல்லது. கண்ணசைவைத் தொடரும் விலை உயர்ந்த கருவிகளைப் பொறுத்தவரை, பெரும்பாலானவை பார்வை இடம் வலமாகவும் நகர வேண்டும் என எதிர்பார்ப்பதால் பரிசோதித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

செலவில்லாத ஒன்றை முதலில் முயன்று பாருங்கள். அண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்திய பதிப்புள்ள கைபேசிகளில், அணுகல் வசதிகளின் கீழ் உள்ள சுவிட்ச் அமைப்பில் (Switch Access), முன்புறக் கமராவே மேலே பார்ப்பதை ஒரு பொத்தானாக எடுத்துக்கொள்ளும். எழுத்துப் பலகையில் வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும்போது அவர் மேலே பார்த்தால் அந்த வரிசை தெரிவாகும். ஸ்டீபன் ஹோக்கிங் கன்னத் தசையொன்றின் அசைவை மட்டும் வைத்து எழுதியதும் ஏறத்தாழ இதே வழியில்தான். அண்ணாவின் பெருவிரலிலோ புருவத்திலோ சிறு அசைவேனும் திரும்பியிருக்கிறதா என்று நரம்பியல் வைத்தியரிடமும் பேச்சு சிகிச்சையாளரிடமும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அதையும் பொத்தானாக்கலாம்.

கொக்குவில் தங்கை:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பலகை எழுதினோம். அம்மா மிக விரைவாகச் சொன்னதால் முதல் நாள் குழம்பிவிட்டது. இப்போது ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சு ஒன்று விட்டு நிற்கிறோம். சாதாரணமாக இமைப்பதை 'இல்லை' என்று எடுத்துவிடுவதால், நீண்ட நேரம் மூடினால் மட்டுமே 'இல்லை' என்று மாற்றியிருக்கிறோம். நேற்று 'வானொலி' என்று கூட்டினார். கைபேசி முறையை அடுத்த வாரம் தம்பி வந்து அமைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

காணி விடயத்தை இனி அண்ணாவிடமே கேட்கப் போகிறோம். காணி உறுதிப் பத்திரம் அவருடைய பெயரில்தான் இருக்கிறது.