ஜோர்டன் 1 ஹை: நாள் முழுக்க நின்றால் கால் தாங்குமா?

குடந்தைப் பையன்:
கும்பகோணத்தில் பாத்திரக் கடையில் வேலை. காலை பத்து மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரை கிரானைட் தரையில் நிற்க வேண்டும். நைக்கியின் ஏர் ஜோர்டன் 1 ஹை ஷூ, சிவப்பு கறுப்பு, அதன்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். என் பாதம் முன்பக்கம் அகலம். கடைக்குப் போட்டுப் போகலாமா?

தஞ்சாவூர் த்ரோ:
தம்பி, பார்வைக்கு அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் அது 1985இல் வந்த ஷூ. குதிகாலுக்கு அடியில் சின்னதாக ஒரு ஏர் பை, சுற்றிலும் கெட்டி ரப்பர், அவ்வளவுதான். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் அதைப் போட்டு ஆடியது மரத்தளத்தில், ஆட்டமும் 48 நிமிடம். உங்களுக்குப் பதினோரு மணி நேரம்! கடைக்குச் சாதாரண ரன்னிங் ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் அன்னை சத்யா ஸ்டேடியத்துக்கு நானே ஜோர்டனில்தான் போவேன், கோர்ட்டில் இறங்கும்போது வேறு ஷூ.

அப்புறம், அகலப் பாதத்துக்கு அது முன்பக்கம் பிடிக்கும். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். அரை சைஸ் கூட்ட வேண்டியிருக்கலாம். கணுக்கால் வரை தோல் என்பதால் சித்திரை வெயிலில் புழுங்கும். உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கோயில் வேறு. குனிந்து லேஸை அவிழ்ப்பதற்குள் நடை சாத்திவிடுவார்கள்.

மாயவரம் அக்கா:
கான்வர்ஸ் கம்பெனியின் சக் 70 ஷூ பாருங்களேன். துணி என்பதால் காற்றுப் போகும். அவர்களுடைய சாதாரண ஆல் ஸ்டாரைவிட உள்ளே மெத்தை அதிகம். அடி தட்டைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். சைஸ் பெரிதாக வரும், அரை குறைத்து எடுங்கள்.

குடந்தைப் பையன்:
நன்றி அக்கா. அண்ணா, ஜோர்டன் 3, 4 பழைய ஜோடிகள் சல்லிசாகக் கிடைக்கின்றனவே, அதில் மெத்தை கூடவாமே?

தஞ்சாவூர் த்ரோ:
மெத்தை கூடத்தான். ஆனால் வாங்குமுன் தயாரித்த வருஷத்தைப் பாருங்கள். அதன் மிட்சோல், அதாவது அடிக்கும் பாதத்துக்கும் நடுவிலுள்ள மெத்தை, பாலியூரித்தேன் என்ற நுரை. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்ல உடைத்துவிடும். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரம் தெரியுமே! போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்த ஜோடி என்றால் பளபளவென்று இருக்கும், நடந்தால் பொலபொலவென்று உதிரும். ஜோர்டன் 1இல் வெளிச்சுற்று ரப்பர் என்பதால் அந்தத் தொல்லை குறைவு.

குடந்தைப் பையன்:
சரி, பழசு வேண்டாம். கடைக்கு ரன்னிங் ஷூ. ஆனால் ஜோர்டன் ஹையையும் விடப் போவதில்லை அண்ணா, கடை லீவன்றைக்குப் போட்டுக்கொள்கிறேன். கோயிலுக்கு மட்டும் செருப்பு.