வாழ்க்கைக் கோடு வரையச் சொன்ன பயிற்சி: உங்களுக்கு எப்படி இருந்தது?

மாலைநேரம்:
தலைமைப் பயிற்சியில் வாழ்க்கைக் கோடு வரையச் சொல்வார்களே, சின்ன வயதிலிருந்து ஏற்ற இறக்கமெல்லாம் போட்டு, அதைத்தான் சொல்கிறேன். எங்கள் மேலாளரும் கூடவே உட்கார்ந்து வரைந்தார். இரவு வேலை முடிந்து போகிறவர்கள் 'வீடு சேர்ந்துவிட்டேன்' என்று அவருக்குச் செய்தி அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் போன் வரும். மனிதர் வேவு பார்க்கிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவர் கோட்டில் ஒன்பது வயதில் ஒரு பள்ளம். பக்கத்தில் பென்சிலால் மூன்று சொல்: 'அண்ணன் வீடு திரும்பவில்லை.' பயிற்சியாளர் விளக்கச் சொன்னதும், 'அடுத்தவரைக் கேளுங்கள்' என்று காகிதத்தை மடித்துவிட்டார். பக்கத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் கண்ணில் பட்டது. குழுவில் இன்னும் அவரைக் கிண்டல் செய்கிறார்கள். சொல்லலாமா, கூடாதா?

தலைப்பிள்ளை:
சொல்லாதீர்கள். அது அவர் கதை.
என் கோட்டில் இருந்தது அம்மாவின் நோய். அம்மா படுக்கையில் இருந்த வருடங்களில் வீட்டைப் பார்த்துக்கொண்டது நான்தான். அந்தப் பழக்கத்தில் அலுவலகத்திலும் யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் எடுத்துச் செய்வேன், நல்ல பெயரும் உண்டு. ஒருமுறை நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியபோது குழுவில் இளையவள் ஒருத்தி சந்தோஷமாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க இல்லாதப்பதான் நாங்க நிறையக் கத்துக்கிட்டோம்." பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. இருந்தாலும் ஒன்று, மூத்த பிள்ளைகளுக்குத் தலைமை ரத்தத்திலேயே வந்துவிடுகிறது.

கடைக்குட்டி:
கடைசி வரியை ஒப்புக்கொள்ள முடியாது. 2015-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்றிலும் சேர்த்து 20,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை அலசி ஓர் ஆய்வு வந்தது. பிறந்த வரிசைக்கும், ஒருவர் கலகலப்பானவரா பொறுப்பானவரா என்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. மூத்தவர்களுக்கு அறிவுத்திறன் சோதனையில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உங்களை ஆளாக்கியது அந்தப் படுக்கை, வரிசை எண் இல்லை.
எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்றால், பதவி உயர்வு நேர்காணலில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "வீட்டில் நீங்கள்தான் கடைசியா? பத்து பேரை மேய்க்க முடியுமா?" மற்ற இருவரும் சிரித்தார்கள். குறிப்பேட்டில் என்னவோ எழுதிக்கொண்டார், அது இன்னும் உறுத்துகிறது.

பயிற்சிப் பித்து:
என் கதை சின்னது. பள்ளியில் எனக்குத் திக்கும். நான் தொடங்கிய வாக்கியத்தை ஆசிரியர் முடித்துவைப்பார், அதுவும் தப்பாக. இன்று என் கூட்டங்களில் யார் பேச்சையும் யாரும் வெட்டக் கூடாது.
இந்தப் பயிற்சியை எல்லோரும் தவறாகச் செய்கிறீர்கள் என்று தோன்றுகிறது. துயரம் எவ்வளவு பெரியது என்று பார்க்காதீர்கள். அப்போது மனதுக்குள் என்ன விதி போட்டுக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். அந்த விதி இன்று எந்த முடிவில் தலைகாட்டுகிறது என்று அடுத்த வரியில் எழுதுங்கள். பிறகு உடன்பிறந்த ஒருவரிடம் காட்டுங்கள்; அதே சம்பவத்தை அவர் வேறு மாதிரி சொல்வார். ஸ்டார்பக்ஸ் காபிக்கடை நிறுவனத்தை வளர்த்தெடுத்த ஹோவர்ட் ஷுல்ட்ஸுக்கு ஏழு வயதில் அப்பா வேலையில் கால் முறிந்து படுத்தார், வருமானமும் போனது, மருத்துவக் காப்பீடும் இல்லை. 1988-இல் அந்த நிறுவனம் பகுதிநேர ஊழியர்களுக்கும் காப்பீடு கொடுத்தது. துயரம்தான் வேண்டும் என்பதும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் மண்டேலா சிறுவனாக, தெம்பு இன மக்களை அரசருக்குப் பதிலாக ஆண்ட ஜோங்கின்தாபாவின் வீட்டில் வளர்ந்தார். அங்கே கூட்டங்களில் எல்லோரும் பேசி முடிக்கும்வரை தலைவர் வாய் திறக்க மாட்டார். பிற்காலத்தில் தானும் அப்படியே நடக்க முயன்றதாக அவரே எழுதியிருக்கிறார். அதனால் கோட்டில் பள்ளங்களை மட்டும் தேடாதீர்கள், யாரைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தீர்கள் என்பதையும் போடுங்கள். அப்புறம் தினமும் காலையில்...

நடுவரிசை:
நண்பரே, யாரும் பாடம் கேட்கவில்லை. ஷுல்ட்ஸும் மண்டேலாவும் ஜெயித்தவர்கள், அதனால் அவர்கள் குழந்தைப் பருவம் நமக்குத் தெரிகிறது. அதே அடி வாங்கி எங்கும் போய்ச் சேராதவரை யார் பேட்டி எடுத்தார்கள்?
எங்கள் இயக்குநர் ஆட்குறைப்பை அறிவித்த அன்று, தான் பசியோடு படுத்த நாட்களைப் பற்றிக் கண்கலங்கப் பேசினார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "சரி சார், எங்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் தருவீர்கள்?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை, கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மாலைநேரம்:
தலைப்பிள்ளை சொன்னதுதான் சரி, நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. கிண்டல் வந்தால், 'செய்தி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும், அனுப்பிவிட்டுப் போங்கள்' என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.
இப்போது வேறு சிக்கல். அடுத்த மாதம் புதியவர்களுக்கு இதே பயிற்சியை என்னை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். வரைந்ததை யாரும் காட்ட வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட நினைக்கிறேன். யாராவது அப்படி நடத்தியிருக்கிறீர்களா? எல்லோரும் வெற்றுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தால் மீதி நேரத்தை என்ன செய்வது?