சாம் பெக்கின்பா: ரத்தம் மட்டும்தானா இவரு?

கேள்வி (ராத்திரி ஷோ):
'தி வைல்ட் பன்ச்' (1969) இப்பதான் முதல் தடவ பாத்தேன், கடைசி சண்டை முடிஞ்சப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே ஓடல. ஆனா டைரக்டர் சாம் பெக்கின்பாவ பத்தி தேடுனா எங்க பாத்தாலும் வன்முறை வன்முறைன்னுதான் இருக்கு. வேற ஒண்ணுமே இல்லையா இவர்கிட்ட? அடுத்து 'ஸ்ட்ரா டாக்ஸ்' பாக்கலாமா?

பழைய ரீல்:
அந்த சண்டைய எடிட்டிங்குக்காகவே இன்னொரு தடவ பாருங்க பாஸ். பல கேமரா, வேற வேற ஸ்பீடு, அத்தனையும் எடிட்டர் லூ லொம்பார்டோ கையில. ஒருத்தன் ஸ்லோ மோஷன்ல விழுந்துக்கிட்டே இருப்பான், அவன் தரைக்கு வர்றதுக்குள்ள நார்மல் ஸ்பீடுல ரெண்டு மூணு ஷாட் ஓடிடும். ஸ்லோ மோஷன் ஒண்ணும் இவரு கண்டுபிடிப்பு இல்ல, ஜப்பான் டைரக்டர் குரோசவா 1954லயே 'செவன் சாமுராய்'ல வச்சிட்டாரு, 1967ல 'பானி அண்ட் க்ளைட்' கிளைமாக்ஸ் வேற இருக்கு. ஆனா ரெண்டு வேகத்தையும் பின்னி ஒரு முழு சண்டைக்கும் இழுத்தது இவருதான். ஹாங்காங் ஆக்‌ஷன் டைரக்டர் ஜான் வூ எல்லாம் இங்கேருந்து எடுத்துட்டுப் போனவருதான், என்ன, வூ படத்துல சுடுறவன் அழகா தெரிவான், இவரு படத்துல குண்டு வாங்குறவன் மேலதான் கண்ணு போகும்.

மல்லிகா:
புகழ்றது இருக்கட்டும். 'ஸ்ட்ரா டாக்ஸ்' (1971) பாக்குறதுன்னா தெரிஞ்சுக்கிட்டு பாருங்க. அதுல வர்ற பலாத்கார சீன்ல அந்த பொண்ணு பாதியில இணங்கிப் போற மாதிரி எடுத்து வச்சிருக்காரு, அத என்ன சொன்னாலும் என்னால ஏத்துக்க முடியல. பிரிட்டன்ல 1984 வீடியோ தணிக்கை சட்டத்துக்கு அப்புறம் 2002 வரைக்கும் அந்த வீடியோவுக்கு சர்டிபிகேட்டே கிடைக்கல. இவருக்கு பெரிய சப்போர்ட்டா இருந்த விமர்சகர் பாலின் கேல்கூட, திறமைய ஒத்துக்கிட்டே அது பாசிசப் படம்னு எழுதுனாங்க. இவரு படத்துல ஆம்பளைங்களோட மனசுதான் மனசு, பொம்பளைங்க சும்மா வந்து போவாங்க.

கன்ட்ரி ரோடு:
மல்லிகா சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா கேள்வி கேட்டவர் 'ரைட் தி ஹை கன்ட்ரி' (1962) பாக்கணும், ரெண்டு வயசான ஆளுங்க, மரியாதையோட சாகணும்னு ஒரு ஆசை, அவ்ளோதான் கதை. இவரோட உண்மையான சப்ஜெக்ட் அதுதான், காலம் மாறிடுச்சு, இவனுங்க மாறல. வைல்ட் பன்ச்சும் அதேதானே. 'மேஜர் டண்டி' (1965) எடுக்குறப்ப ஸ்டூடியோ இவர தூக்கப் பாத்துச்சு, படத்தோட ஹீரோ சார்ல்டன் ஹெஸ்டன் தன் சம்பளத்தையே விட்டுக்கொடுத்து காப்பாத்துனாரு, அப்பவும் படத்த வெட்டித் தள்ளிட்டாங்க. அதுக்கடுத்த படத்துல ஷூட்டிங் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே வேலைய விட்டு தூக்கிட்டாங்க. 1973ல 'பாட் காரெட்' படத்தையும் எம்ஜிஎம் ஸ்டூடியோ கண்டபடி வெட்டுச்சு. எல்லா பழியும் ஸ்டூடியோ மேல போட முடியாது, குடி, அப்புறம் கொக்கைன், செட்ல கத்தல், மனுஷன் தானாவும் கெடுத்துக்கிட்டாரு. கொடுமை என்னன்னா வசூல்ல பெரிய ஹிட்டு லாரி டிரைவருங்க கதையான 'கான்வாய்' (1978). 1984ல 59 வயசுல போய்ட்டாரு.

ரத்தமே வேண்டாம்னா 'ஜூனியர் பானர்' (1972). யாரும் சுடப்படாத படம் எடுத்தேன், பாக்கதான் ஆள் வரலன்னு அவரே புலம்புவாராம்.

ராத்திரி ஷோ:
ஜூனியர் பானர் ஸ்டீவ் மெக்வீன் படம்தானே? துப்பாக்கி இல்லாமயா?

கன்ட்ரி ரோடு:
ஆமா அவருதான். துப்பாக்கிக்கு பதிலா ரோடியோ காளை, அதாவது துள்ளுற காளை மேல உக்காந்து தாக்குப்பிடிக்கிற போட்டி. பார்ல ஒரு அடிதடி இருக்கு, ஆனா அது ஜாலிக்கு.